சாங்ரியாவில் ஊறும் பழங்கள் மதுவை உறிஞ்சிவிடுமா?

ஒயினில் பழங்களைச் சேர்த்துத் தயாரிக்கும் ஸ்பெயின் நாட்டுப் பானமான சாங்ரியாவில் இரவு முழுவதும் ஊறும் பழத்துண்டுகள் மதுவை உறிஞ்சிக்கொள்வதால், எஞ்சுவது வெறும் பழரசமே என்றும், அதைச் சிறுவர்களும் பருகலாம் என்றும் ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறானது, ஆபத்தானதும்கூட.

ஆரஞ்சு, எலுமிச்சை, பீச் துண்டுகள் ஒயினில் ஊறும்போது, அவற்றின் சாறு வெளியே கசிய, ஒயின் உள்ளே புகுகிறது. மது இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. 13 சதவீத மது கொண்ட 750 மில்லி சிவப்பு ஒயினில் ஏறத்தாழ 97 மில்லி தூய மது உண்டு. அதனுடன் 250 மில்லி ஆரஞ்சுச் சாறு கலந்தாலும், செறிவு பத்து சதவீதத்தை ஒட்டியே நிற்கும், அதாவது வழக்கமான பியரைவிடக் கூடுதலாக. பலர் வழக்கமாக ஊற்றும் பிராந்தி அதை மேலும் உயர்த்தும். சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் மதுவின் காரத்தை மறைப்பதால், அளவு தெரியாமல் குடித்துவிட நேர்கிறது.

கூஜாவின் அடியில் தங்கும் பழங்களையும் சிறுவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கென ஒயினுக்குப் பதிலாகச் சிவப்புத் திராட்சைச் சாற்றில் அதே பழங்களை ஊறவைத்து, பரிமாறும் நேரத்தில் சோடா சேர்த்து, தனிக் கூஜாவில் வைக்கலாம்.