கேள்வி நேரம் யாருக்கு?

பல்கலைக்கழகங்கள் நடத்தும் பொது உரைகளுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சர்வதேச அரசியல், மனித உரிமை என்று தலைப்பைப் பார்த்துவிட்டால் எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். கடைசியாகப் போன கூட்டத்திலிருந்து மட்டும் மனத்தாங்கலோடு திரும்பினேன்.

பேச்சாளர் மேல் குறை இல்லை. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிய கதையை அழகாகச் சொன்னார். 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் மட்டும் ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றில் சோவியத் யூனியனும் நிறவெறி பேசிய தென்னாப்பிரிக்காவும் சவூதி அரேபியாவும் இருந்தன என்றதும் அரங்கில் ஒரு சலசலப்பு. அவ்வளவு பேருக்கும் கேட்க ஏதோ இருந்தது.

அப்புறம்தான் அறிவிப்பு வந்தது: "கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்." கை நிறையச் சீட்டுகள் மேடைக்குப் போயின. படித்தது மூன்று. மூன்றுமே இளைஞர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன என்கிற ரகம். நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள். வரவேற்புக்கும் அறிமுகத்துக்கும் முக்கால் மணி நேரம் இருந்ததே!

என் பக்கத்தில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தார். சீட்டின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில், அடித்து அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். ஒரு தகராறை அமைதி வழியில் தீர்ப்பது குறித்த முடிவுகளில், அந்தத் தகராறில் ஒரு தரப்பாக இருக்கும் நாடு பாதுகாப்புச் சபையில் வாக்களிக்கக் கூடாது என்று ஐ.நா. சாசனத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. அதை ஏன் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை? இதுதான் கேள்வி. அந்தச் சபையின் முடிவை ஒரு வல்லரசு தன் ஒரே வாக்கால் தடுக்கும் வீட்டோ அதிகாரம் பற்றி எவ்வளவோ பேச்சு கேட்டிருக்கிறேன், இதை யாரும் எழுப்பிப் பார்த்ததில்லை. அந்தச் சீட்டைப் படிக்கவே இல்லை.

முன்பு ஒரு சின்ன அரங்கில் நடந்த கூட்டம் நினைவுக்கு வந்தது. நடைபாதையில் ஒரு மைக் நிறுத்தியிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். வயதான ஒருவர் மெதுவாக நடந்து போய்க் கேட்டார்: "தஞ்சம் கேட்கிற உரிமை எனக்கு இருக்கு. சரி. கொடுக்கணும்கிற கடமை யாருக்கு இருக்கு?"

பேச்சாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். பிரகடனத்தின் 14ஆவது பிரிவு வரைவில் இருந்தபோது, தஞ்சம் 'கோரவும் வழங்கப்படவும்' உரிமை என்றிருந்தது. பிரிட்டன் கொண்டுவந்த திருத்தத்தால் அது 'கோரவும் அனுபவிக்கவும்' என்றானது. ஒரே ஒரு சொல் மாறியது, அரசுகளின் தலையிலிருந்து கடமை இறங்கிவிட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாதே என்கிறது. ஆனால் அனுப்பாதே என்பது வேறு, உள்ளே விடு என்பது வேறு. எல்லையைத் தொடுவதற்கு முன்பே நடுக்கடலில் படகுகளை மறிப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அகதிச் சட்டம் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது. அந்தப் பெரியவர் கேட்காமல் போயிருந்தால் கிடைத்திருக்காது.

மைக்கைத் திறந்துவிட்டால் கேள்வி என்ற பெயரில் பிரசங்கம் செய்வார்கள் என்கிறார்கள். செய்வார்கள்தான், நானும் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடம் என்று வரம்பு வையுங்கள், மீறினால் நெறியாளர் நிறுத்தட்டும். அதற்காக அரங்கின் வாயையே அடைப்பது என்ன நியாயம்? வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், காணாமல் போன மகனைத் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட கூட்டத்தில்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் பேசுவது அவர்கள் வாழ்க்கையைப் பற்றி.

பிரகடனத்தின் முதல் பிரிவு 'எல்லா ஆண்களும்' என்று படிக்கும்படி இருந்தபோது, இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா அதை மாற்றச் சொல்லி விடாப்பிடியாக நின்றார். அதனால்தான் இன்று அது 'எல்லா மனிதர்களும்' என்றிருக்கிறது. இப்படி ஒருவர் குறுக்கிட்டதால் திருந்திய ஆவணத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் குறுக்குக் கேள்விக்கு இடமில்லை என்றால் எப்படி?

ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். மொத்த நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கு விடுங்கள், படிக்காத சீட்டுகளுக்கு எழுத்திலாவது பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த உரைக்கும் போவேன். மைக் கிடைத்தால் முதலில் கேட்கப்போவது அந்த மாணவியின் கேள்வியைத்தான்.