மூன்று நிமிட வீடியோவும் ஒன்பது அங்குலக் குழாயும்

வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பக்கத்து ஊர்க் குழுக்களுக்கெல்லாம் போய், நேற்று சென்னை அலுவலகத்தில் ஒருவர், அவருக்குச் சொந்த ஊர் நாமக்கல், "சார் இது நீங்கதானே?" என்று எனக்கே அனுப்பிவைத்தார். கிராம சபையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவது மட்டும்தான் அதில் இருக்கிறது. அதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இல்லை. என்ன கேட்டேன் என்பதும் இல்லை. "மெட்ராஸ்காரர் ஊருக்குப் பாடம் எடுக்கிறார்" என்று மேலே ஒரு வரி, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நான்கு. சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டது இதுதான். ஆற்றுப் பாசனத்தில் இருக்கிற 14 ஏக்கர் நஞ்சை, எங்கள் கணக்கில் இரண்டு வேலிக்குக் கொஞ்சம் கூட, அதை மனையாக மாற்ற ஏற்பாடு நடக்கிறதே, அதே கன்னி வாய்க்காலில் அதற்குக் கீழே பாய்கிற எங்களில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவ்வளவுதான். விற்காதே என்று நான் சொல்லவில்லை. வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டதால் இங்கே இன்னொரு முறை எழுதுகிறேன்: விற்காதே என்று சொல்லவில்லை. உன் நிலத்தை விற்கிற உரிமை உனக்கு உண்டு. எனக்கு வருகிற தண்ணீரையும் சேர்த்து விற்கிற உரிமை உனக்கு இல்லை.

எங்கள் காவிரி டெல்டாவுக்கு வெளியே இருக்கிற நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கிணற்றுப் பாசன ஊரில் ஒருத்தர் தோட்டத்தை மனை போட்டால் பக்கத்துத் தோட்டம் அப்படியே இருக்கும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஆற்றிலிருந்து பாசன வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், அதற்கப்புறம் பல இடங்களில் வாய்க்காலே கிடையாது, ஒரு வயலின் மடையிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வேண்டாத தண்ணீர் வடிவதும் இதே வழியில்தான். நடுவில் இருக்கிற வயலில் மூன்றடிக்குச் செம்மண் கொட்டி மேடாக்கினால், கீழே இருப்பவனுக்கு வெயிலில் தண்ணீர் வராது, மேலே இருப்பவனுக்கு மழையில் தண்ணீர் வடியாது. இதில் இன்னொரு கூத்து, அந்தச் செம்மண் தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து லாரியில் வருகிறது. வீடு கட்டத் தோதான மேட்டைத் தோண்டி எடுத்து, நெல் விளையத் தோதான பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் வீடு கட்டுகிறோம்.

கற்பனையில் பேசவில்லை. ஆறு வருடத்துக்கு முன் மேலத்தெரு ஓரமாக ஒரு மனைப்பிரிவு வந்ததே, பெயரில் "கிரீன்" கூட உண்டு, அதன் சாலைக்கு அடியில் எங்கள் வாய்க்காலை ஒன்பது அங்குல சிமெண்ட் குழாயில் விட்டிருக்கிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது தாண்ட முடியாமல் இறங்கி ஏறிய வாய்க்கால் அது. போன கார்த்திகையில் சம்பாப் பயிர் எட்டு நாள் தண்ணீரில் நின்றது. ஊருக்குப் போயிருந்த நானும் சித்தப்பா மகனும் குழாயின் வாயில் கையை விட்டு இழுத்தோம். இளநீர் மட்டை வந்தது, டயப்பர் வந்தது, மூன்று நான்கு டயப்பர், அப்புறம் ஒரு பாதித் தலையணை. தலையணையை இழுத்ததும் ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போனது, மறுநாள் காலையில் திரும்ப அடைத்துக்கொண்டது. பயிர் வேர் அழுகி, நுனி மஞ்சளித்து, அந்த வாசனை தெரிந்தவர்களுக்குத் தெரியும். இப்போது அதற்குக் கீழே இன்னொரு 14 ஏக்கர்.

"சட்டப்படிதான் செய்யுறோம்" என்கிறார்கள். சந்தோஷம். சட்டத்தைத்தான் நானும் பேசினேன். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 47-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நகரத் திட்டப் பகுதிக்கு வெளியே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும், நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். 2017-இல் இதற்கென்று தனி விதிகளும் வந்தன. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல் பதிவேட்டில் மூன்று போகம் "தரிசு" என்று ஏறிவிட்டால் நஞ்சைக்கு அப்புறம் என்ன மரியாதை? அந்த இரண்டு வேலியும் ஏன் மூன்று வருடமாகக் கோரை மண்டிக் கிடக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். "தண்ணி வரலை" என்றார்கள். தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடைக்குத் தண்ணீர் வரவில்லையாம். கடைசியில் பாய்கிற கடைமடையில் நாங்கள் நட்டோம்.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவே செய்யக் கூடாது என்றதும் பத்திர அலுவலகங்கள் ஈ ஓட்டியது ஞாபகம் இருக்கும். அடுத்த வருடமே 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று விதி வந்தது. பணம் போட்டு ஏமாந்த ஏழைகளுக்காக என்றார்கள், அதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மனை போட்டவர்களுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் வேறு. முதலில் கல்லை நடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் 2020 பிப்ரவரியில் வந்ததே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். நான்கூட அன்றைக்கு இங்கே பதிவு போட்டுக் கொண்டாடியிருக்கிறேன், வருடா வருடம் மெமரியில் வந்து என்னைக் குத்துகிறது. ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய் எரிவாயு எடுக்கிற புதுத் திட்டம் வராது, தாமிர உருக்காலை வராது, துத்தநாகம், அலுமினியம், இரும்பாலை எதுவும் வராது. நல்லது. கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் அத்தனை பேர் அதை எதிர்த்து வெயிலில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தடைப் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள், மனைப்பிரிவு அதில் இல்லவே இல்லை. டெல்லியிலிருந்து வருகிற கம்பெனிக்கு எதிராகப் போராட நாம் ஒன்று சேர்ந்துவிடுவோம். பங்காளி கொண்டுவந்து கொட்டுகிற செம்மண்ணுக்கு எதிராக யார் வாயைத் திறப்பது? திறந்தால் வீடியோ.

கேரளத்தைச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். 2008-இல் அங்கே நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். ஊராட்சி அளவில் ஒரு கண்காணிப்புக் குழு, அதில் வேளாண் அலுவலரோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் உண்டு. வேறு இடமில்லாத விவசாயி சொந்த வீடு கட்டக் கேட்டால் கிராமத்தில் 10 சென்ட் வரைக்கும் வழி இருக்கிறது. 2018-இல் அதிலும் ஓட்டை போட்டார்கள், நெல்வயல் என்று ஆவணத்தில் ஏறாத பழைய நிலங்களுக்குக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று. அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்து வயல்காரனைக் கேட்க ஓர் இடம் இருக்கிறதே, அதைத்தானே நானும் கேட்டேன்?

இனி என் மீதான குற்றப்பத்திரிகை.

"விவசாயத்துல என்ன கிடைக்குதுன்னு உனக்குத் தெரியுமா?" தெரியும். எனக்கு ஒன்பது மா, சுமார் மூன்று ஏக்கர் இருக்கிறது, சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறான். நன்றாக விளைந்த வருடம் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை, 60 கிலோ மூட்டை. குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் எல்லாம் போக, ஆறு மாத உழைப்புக்கு அவன் கையில் நிற்பது என்ன என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதற்கும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று சாலையில் நெல்லைக் காயவைத்துக்கொண்டு நாள் கணக்கில் காவல் கிடக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் ஒன்று, நஷ்டம் என்று நீ விற்கிறாய், சரி. இன்னும் விற்காமல் நட்டுக்கொண்டிருப்பவனுக்கு எதற்கு உன் மேட்டால் இன்னொரு நஷ்டம்?

"வீடு இல்லாதவங்க எங்க போவாங்க?" அந்த ஆறு வருட மனைப்பிரிவில் இதுவரை கட்டிய வீடுகள் ஏழு. மற்றதெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். மேலே பேச விரும்பவில்லை.

"பத்து சதவீதம் பூங்காவுக்கு விட்டிருக்கோமே." ஆமாம், பத்திரம் போட்டுப் பஞ்சாயத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். மனையாக விற்க முடியாத கோணல் மூலை, வடிகால் ஓரம், ஒரு போர்டு, இடுப்பளவு பார்த்தீனியம். பந்தல்காரர் மூங்கில் போட்டுவைக்க உதவுகிறது. திறந்து கிடந்த வயல்வெளி முழுவதையும் மூடிவிட்டு அதில் பத்தில் ஒன்றைத் திறந்தவெளி என்று தானம் செய்கிற பெரிய மனசுக்கு எந்தக் கோயிலில் கல்வெட்டு வைப்பது?

கடைசியாக, எல்லோரும் ரசித்தது. "நீ வேளச்சேரியில ஏரியில கட்டின பிளாட்டுலதானே இருக்க?" ஆமாம், இருக்கிறேன். 21 வருடக் கடன். 2015 டிசம்பரில் இரண்டாம் மாடியிலிருந்து படகில் ஏறினோம், என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது, பால் பவுடர் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் கீழே பார்த்த பார்வை எனக்கு இன்னும் போகவில்லை. தண்ணீர் இருந்த இடத்தை மேடாக்கினால் தண்ணீர் எங்கே வரும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏமாந்தவன் சொன்னால் கேட்கக் கூடாதா? இதை நீங்கள் முரண் என்கிறீர்கள், நான் அனுபவம் என்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இது எதுவும் பெரிய வலி இல்லை. "ஊருக்கு வந்தமா, குலசாமியக் கும்பிட்டமா, போனமான்னு இருக்கணும் தம்பி" என்று அந்த 14 ஏக்கர்காரர் சொன்னதும் பின்னால் கைதட்டினார்களே, அதுதான். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் முறைத் தண்ணீர்ச் சண்டையில் பதினோரு வருடம் முகம் பார்த்துப் பேசவில்லை. வாய்க்கால் கரையை ஒரு முழம் வெட்டிவிட்டார் என்று ஆரம்பித்த சண்டை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக அப்பா கிளம்பும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். எங்கள் முறை வந்த இரவில் ஒருநாள்கூட அந்தப் பெரியவர் தன் மடையைத் திறந்து வைத்திருந்ததில்லை. மண்ணை வைத்து மிதித்து, மேலே வைக்கோலும் போட்டு அடைத்திருப்பார். அப்பா அதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மனுசன் மோசம்தான், ஆனா மடை விசயத்துல சுத்தம்" என்பார். அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அவர்தான். அவர் மகன்தான் இன்றைக்கு என்னை வெளியூர்க்காரன் என்கிறார்.

நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று. மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான்காவது ஆள் சித்தப்பா மகன், அவன் போடவில்லை. "அண்ணே, நீங்க மனு கொடுத்துட்டுக் கிளம்பிருவீங்க, நான் தினம் அவரு கடையைத் தாண்டித்தான் போவணும்" என்கிறான். அவனைத் தப்புச் சொல்ல முடியவில்லை.

கமெண்டில் வந்து அப்பா பெயரை இழுப்பவர்களை பிளாக் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மனை போடுகிற அண்ணன்கள் தாராளமாக வரலாம். வருவதற்கு முன்னால் அந்த ஒன்பது அங்குலக் குழாயைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், தலையணையின் மீதிப் பாதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.