கப்பலின் படியிலிருந்து துறைமுகத்தின் வாயில் வரை

கப்பல் சுற்றுலாவின் பயணத்திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும் நாளில் கப்பல் ரோமுக்குப் போவதில்லை. அது சிவிட்டாவெக்கியா என்னும் துறைமுகத்தில் நிற்கிறது; அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லே ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் பால்டிக் கடற்கரையில் இருக்கும் வார்னமுண்டே, அது இன்னும் தொலைவு. ‘லண்டன்’ என்பது பெரும்பாலும் சவுதாம்டனாகவும், ‘பாங்காக்’ என்பது பெரும்பாலும் லேம் சபாங்காகவும் இருக்கும். துறைமுகத்தின் உண்மையான பெயரும் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பணம் கட்டும் நேரத்தில் நம் கண் பெரிய எழுத்தோடு நின்றுவிடுகிறது.

பயணம் முடிந்து, அந்த நகரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று ஹோட்டலும் பதிவு செய்தவர்களுக்கு இந்த இடைவெளி கடைசி நாளில்தான் உறைக்கும். அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டு: கப்பலிலேயே விற்கும் பேருந்துச் சீட்டு, வாசலில் நிற்கும் டாக்ஸி. இரண்டும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு முறை இறங்கிப் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. துறைமுகத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் செலவில் பணம் பறிபோவது முதல் இரண்டு கிலோமீட்டரில்தான். அதாவது கப்பலின் படிக்கும் துறைமுகத்தின் வாயிலுக்கும் இடையில். அதைக் கடந்துவிட்டால் மிச்சமிருப்பது அந்த ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் சாதாரண ரயில் பயணம்.

அந்த இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பெரிய கப்பலுக்கு ஆழமான நீரும் நீளமான மேடையும் வேண்டும்; அவை பெரும்பாலும் சரக்குத் துறைமுகத்தின் ஓரத்தில்தான் கிடைக்கின்றன. அதற்கு மேல், 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பல் நிற்கும் பகுதிக்குள் யார் வரலாம், எந்த வண்டி வரலாம் என்பதெல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதனால் பல துறைமுகங்களில் நகரப் பேருந்து உள்ளே வராது, செயலியில் அழைத்த கார் வாயிலைத் தாண்டாது, நாமும் நினைத்தபடி உள்ளே நடந்துவிட முடியாது. வரைபடத்தில் ரயில் நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர் என்று காட்டும். நடுவில் வேலி இருப்பதை அது காட்டாது.

முதல் முறை நாங்கள் கப்பலில் விற்ற சீட்டைத்தான் வாங்கினோம். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். இறங்குவதற்கு இரண்டு இரவுகள் முன்பு வரவேற்பு மேசையில் இருந்த பெண், “உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு வேறு வழியில் போவது சிரமம் சார்” என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுக்கு நான்கு தலைக்குத் தனித்தனியாகப் பணம் கட்டினேன். காலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, இருக்கைகள் நிறையும்வரை ஐம்பது நிமிடங்கள் காத்திருந்தோம். அது எங்களை ஹோட்டலில் விடவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கத்தில் இறக்கிவிட்டது. சீட்டின் பின்புறத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது, நான் படிக்கவில்லை. அங்கிருந்து டாக்ஸி பிடித்தோம். மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தால், துறைமுக வாசலிலேயே ஒரு டாக்ஸி பிடித்திருந்தால் மொத்தச் செலவு அதைவிடக் குறைவாக இருந்திருக்கும்.

அந்தச் சீட்டு ஆளுக்கு இவ்வளவு என்று விற்கப்படுகிறது. டாக்ஸி வண்டிக்கு இவ்வளவு என்று கேட்கிறது. ரயிலும் ஆளுக்குத்தான், ஆனால் மிகக் குறைவு. தனியாகப் போகிறவருக்கு ரயிலுக்கு இணையாக எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் பெரும்பாலும் அப்படித்தான். நான்கு பேர், நான்கு பெட்டி, நகரத்துக்குள்ளேயே இருக்கும் துறைமுகம் என்றால் டாக்ஸி சுலபமாக ஜெயிக்கும். நகரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் நான்கு பேரானாலும் டாக்ஸி கட்டுப்படியாகாது. தலையை எண்ணி, தூரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. கப்பலில் அந்தச் சீட்டை விற்பவர் தூரத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார். எத்தனை தலை என்று மட்டும் நமக்காக எண்ணிப் பார்க்க மாட்டார்.

இரண்டாம் முறைதான் சிவிட்டாவெக்கியா. இந்த முறை முதல் இரண்டு கிலோமீட்டரை மட்டும் முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். கப்பல் மேடையிலிருந்து லார்கோ தெல்லா பாச்சே என்னும் வெளிமுனை வரை துறைமுகத்தின் பேருந்து இலவசமாக ஓடுகிறது. அதிலிருந்து இறங்கி நாலு அடி வைப்பதற்குள் ஒருவர் வந்து, இன்று ரயில் இல்லை, வேலைநிறுத்தம் என்றார். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் புதிதல்ல என்பதால் அந்தப் பொய்க்கு ஒரு மரியாதை இருந்தது. ஆனால் முந்தைய இரவே ரயில்வே தளத்தில் நேரத்தைப் பார்த்து, திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன்; அவர் சிரித்துக்கொண்டே அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார். கடலை ஒட்டிய சாலையில் நடந்தோம். அம்மாவின் பெட்டியில் ஒரு சக்கரம் திக்கித் திக்கி ஓடியதால் இருபது நிமிட நடை அரை மணி நேரமானது. (சக்கரங்களைப் புறப்படும் முன் பார்த்திருக்க வேண்டும், எந்தப் பயணக் குறிப்பிலும் யாரும் எழுதாத செலவு அது.)

ரயில் நிலையத்தில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. வட்டார ரயிலும் விரைவு ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் வருகின்றன. சீட்டின் விலையில்தான் பெரிய வேறுபாடு. வட்டார ரயிலின் சீட்டு எப்போது வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது. காகிதச் சீட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம், அதோடு மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மேலும், எல்லோரும் கடைசி நிலையமான டெர்மினிக்குப் போகிறார்கள் என்று நாமும் போக வேண்டியதில்லை. அதே ரயில் சான் பியேத்ரோ, த்ராஸ்தேவரே, ஓஸ்தியென்சே என்று வழியில் நின்று போகிறது. நாங்கள் சான் பியேத்ரோவில் இறங்கினோம். புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் கண்ணெதிரே தெரிந்தது, ஹோட்டலுக்கு நடந்தே போய்விட்டோம். ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டு அதற்குப் போகும் வழியைத் தேடுவதற்குப் பதில், துறைமுக ரயில் நிற்கும் நிலையங்களைப் பார்த்துவிட்டு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததால் இரண்டாவது வண்டிச் செலவே இல்லாமல் போனது.

அவசரப்படுவதும் ஒரு செலவுதான். கப்பல் விடியற்காலையில் கரை சேர்ந்து, ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் நம்மை வெளியேற்றிவிடுகிறது. ஹோட்டல் அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. அந்த ஐந்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு, இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருவதற்காக இருமடங்கு கொடுப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பயணிகள். அத்தனை பேரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே வாயில் வழியாக வந்து, ஒரே செயலியைத் திறந்தால் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்? முனையத்தின் இருக்கையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கூட்டமும் வடியும், கட்டணமும் இறங்கும். இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: பெட்டிகளை முந்தைய இரவு அறைக்கு வெளியே வைக்காமல், தாமே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை முதலில் விடுவார்கள். பெட்டி இலகுவாக இருந்தால் அதுவும் நல்லதே. நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மோசம்.

மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் முன்பதிவு செய்துவிடவும் கூடாது. சவுதாம்டனிலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். முன்கூட்டி வாங்கும் மலிவுச் சீட்டும் கிடைக்கும், ஆனால் அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். மூடுபனியில் கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமானால் சீட்டு போனது போனதுதான். வாங்குவதானால் நண்பகலை ஒட்டிய ரயிலுக்கு வாங்கலாம். காலை ஒன்பது மணி ரயிலுக்கு வாங்குவது சூதாட்டம்.

சில ஊர்களில் இந்தப் பாடு எதுவும் இல்லை. வான்கூவரில் கனடா பிளேஸ் முனையத்துக்குப் பக்கத்திலேயே வாட்டர்ஃபிரன்ட் ரயில் நிலையம் இருக்கிறது. சிட்னியில் சர்குலர் கீயில் இறங்கினால் ரயிலும் படகும் எதிரிலேயே இருக்கும். ஆனால் அதே சிட்னியில் வைட் பே முனையத்தில் இறக்கிவிட்டால் அருகில் ரயிலே கிடையாது, ஆகவே ஊரின் பெயரோடு முனையத்தின் பெயரையும் பாருங்கள். பார்சிலோனாவில் துறைமுகப் பேருந்து கொலம்பஸ் தூண் வரை விடுகிறது, அங்கிருந்து மெட்ரோ நடை தூரம்தான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸில் மெட்ரோவின் மூன்றாம் தடம் 2022இல் துறைமுகம் வரை நீண்டு, ஏதென்ஸ் நகரத்தையும் விமான நிலையத்தையும் ஒரே ரயிலில் இணைத்துவிட்டது.

சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தாலோ, அன்றே விமானம் பிடிக்க வேண்டியிருந்தாலோ கப்பலின் பேருந்தில் போவதுதான் சரி. கப்பல் தாமதமானால் அந்தப் பேருந்தாவது காத்திருக்கும். அதை வாங்குபவர்களைக் கேலி செய்ய நான் ஆளில்லை, நானும் வாங்கியவன்தான். என் குறை கப்பல் நிறுவனங்கள் மீது. முனையத்திலிருந்து வாயிலுக்கு எப்படிப் போவது, அருகிலுள்ள ரயில் நிலையம் எது என்று இரண்டே வரியை, தினமும் இரவில் அறைக்கு அனுப்பும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. அந்தத் தாளில் மறுநாள் எந்த நகைக்கடையில் தள்ளுபடி என்பது வரைக்கும் இருக்கிறது. ரயில் நிலையத்தின் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.