பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள்

போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், அலமாரியில் அடுக்கியிருந்த விசிடி, டிவிடிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாப் படமும்தான் புதுப்பிச்சு 4கேல வந்துடுச்சே, இதையெல்லாம் இன்னும் எதுக்கு வச்சிருக்கீங்க? எடைக்குப் போட்டுடலாமே" என்றார். நியாயமான கேள்விதான். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதற்காகவே மூன்று இரவுகள் உட்கார்ந்து, சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை என்னிடமிருந்த மூன்று பிரதிகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பர்மா பஜாரில் வாங்கிய விசிடி ஒன்று. சித்தப்பா மகன் லண்டனிலிருந்து வரும்போது வாங்கி வந்த, ராயின் அபு முப்படங்களின் ('பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்') டிவிடி இன்னொன்று. 2015-ல் மீட்டெடுக்கப்பட்ட பிரதியின் ப்ளூரே, அதாவது டிவிடியைவிடக் கூர்மையான டிஸ்க், மூன்றாவது. இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

விசிடியில் ஒரு சட்டகத்துக்கு அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள். பெருக்கினால் ஒரு லட்சம் வரும். அதே சதுரமான படத்துக்கு ப்ளூரேயில் ஏறக்குறைய 15 லட்சம் புள்ளிகள். இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் கணக்காகத் தெரிவதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல என்பது மிட்டாய்க்காரர் வரும் இடத்தில்தான் புரிந்தது. மிட்டாய்க்காரர் முன்னே போக, துர்காவும் அவள் தம்பி அபுவும் பின்னாலேயே போக, அவர்கள் பின்னால் ஒரு நாய். குளத்து நீரில் அந்த ஊர்வலம் தலைகீழாக நகரும். என் விசிடியில் அந்தக் குளம் சதுரம் சதுரமாக உடைந்த சாம்பல் நிறக் கட்டங்கள்தான். நாய் இருப்பதை இருபது வருடம் நான் ஊகித்துத்தான் வைத்திருந்தேன். ப்ளூரேயில் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. அதன் மேல் காற்று போகும் தடம்கூடத் தெரிகிறது.

அடுத்தது இந்திர் பாட்டி. அந்த வேடத்தில் நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது வயது 80. படம் வெளியாகும்முன்பே இறந்துபோனார். பழைய டிஸ்க்கில் அவர் முகம் ஒரு வெள்ளைத் திட்டு, அதில் இரண்டு கண்கள், பொக்கை வாய். புதிய பிரதியில் அந்தத் தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. கொய்யாப்பழத்தைக் கையில் வாங்கும்போது கன்னத்தில் ஓடும் சுருக்கத்தைப் பார்த்ததும் எங்கள் அப்பாயி நினைவுக்கு வந்துவிட்டார், படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். படத்தின் உயிரே அந்த முகத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் இவ்வளவு காலம் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். நாணல் காட்டில் ரயிலைப் பார்ப்பதற்கு முன்னால், மின்கம்பத்தில் காதை வைத்து ரீங்காரம் கேட்கும் இடம் நினைவிருக்கிறதா? என் விசிடியில் அது முழுக்க இரைச்சலில் மூழ்கிப் போயிருந்தது. டிவிடியில் ரீங்காரம் கேட்கும், ஆனால் அங்கே வேறு கோளாறு. சினிமா விநாடிக்கு 24 சட்டகம். பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளில் இருந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25. படத்தை அதில் ஏற்ற அப்படியே நாலு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். ரவிசங்கரின் சிதாரைப் பல வருடம் அந்த ஏறிய சுருதியிலேயே கேட்டுப் பழகிவிட்டேன். துர்கா இறந்ததைச் சொல்ல முடியாமல் அவள் தாய் சர்பஜயா வாய்விட்டு அழும் இடத்தில் குரல் வராது, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம்தான் அலறும். புதிய பிரதியில் அது சரியான சுருதியில் இறங்கி ஒலிக்கும்போது வேறு மாதிரி வலிக்கிறது.

இவ்வளவும் கிடைக்காமலேயே போயிருக்க வேண்டியது. 1992-ல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது, அவர் படங்களின் நல்ல பிரதிகள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அதிலிருந்துதான் மீட்கும் முயற்சி தொடங்கியது. அசல் நெகட்டிவ்களை லண்டனில் இருந்த ஹெண்டர்சன் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 1993 ஜூலையில் அங்கே தீ. அபு படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும் அதில் மாட்டிக்கொண்டன. கருகி, உருகி, ஒட்டிப்போன சுருள்களை வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் போடவில்லை. டப்பாக்களோடு வாங்கி, இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்தது.

பிறகு பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து அவற்றை இத்தாலியில், பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். வறண்டு நொறுங்கும் நிலையில் இருந்த பிலிமுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்றி வளையும்படி செய்தார்கள். உருகிய ஒட்டுநாடாவைச் சுரண்டி எடுத்து, கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். கைவேலை மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம். கடைசியில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தத் தீயில் வெந்த நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மூன்றாவது படமான 'அபூர் சன்சார்' படத்தில் மிஞ்சிய இரண்டு ரீல்களும் பயன்படவில்லை. அந்தப் படம் முழுவதையும், மற்ற இரண்டில் விட்டுப்போன பகுதிகளையும், பல காப்பகங்களில் இருந்த நகல் நெகட்டிவ்கள், மாஸ்டர் பாசிட்டிவ்களிலிருந்து எடுத்தார்கள். 1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்தான் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதலில் திரையிடப்பட்டது. மீட்டெடுத்த பிரதியும் அறுபது வருடம் கழித்து, 2015 மே மாதம், அங்கேதான் திரையேறியது.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது அவர்கள் செய்யாமல் விட்டதுதான். கீறலை எடுத்தார்கள், ஆட்டத்தை நிறுத்தினார்கள். கிரெய்னை, அதாவது படத்தில் அசையும் நுண்புள்ளிகளை, அப்படியே விட்டார்கள். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் பலரும் கிரெய்னை அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "4கேன்னு சொன்னாங்க, புள்ளி புள்ளியா ஆடுதே" என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். பிலிம் என்பது வெள்ளி உப்பின் நுண்மணிகள் பூசிய சுருள். வெளிச்சம் பட்ட மணிகள்தான் படமாகின்றன. அவை ஒரு சட்டகத்தில் இருந்த இடத்தில் அடுத்த சட்டகத்தில் இருப்பதில்லை, அதனால்தான் அசைவது போலத் தெரிகிறது. அந்த மணிகளால் ஆனதுதான் பாட்டியின் சுருக்கமும். மணியைத் துடைத்தால் சுருக்கமும் சேர்ந்து போய்விடும்.

அப்படித் துடைத்த படங்களும் இருக்கின்றன. 'டெர்மினேட்டர் 2' 2017-ல் 4கேயில் வந்தபோது ஆவலாகப் பார்த்தேன். கிரெய்னை வழித்தெடுத்ததில் முகங்கள் மெழுகில் செய்தது போல ஆகியிருந்தன. 2024-ல் டிஸ்க்காக வந்த 'ட்ரூ லைஸ்' இன்னும் ஒரு படி மேலே போனது. செயற்கை நுண்ணறிவை வைத்துக் கூர்மையாக்கியதில், படம் எடுத்த அன்று கேமராவில் பதிவாகாத விளிம்புகள் எல்லாம் முளைத்திருக்கின்றன. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனே ஒப்புதல் கொடுத்த பிரதி அது. அவர் படம், அவர் உரிமை என்று வாதிடுவதை நான் மதிக்கிறேன். ஆனாலும் 1994-ல் தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது அதை அல்ல.

இயக்குநரே மாற்றினால் அது மீட்டெடுப்பா, புதுப் படைப்பா? இந்தக் கேள்விக்கு என் பதில் உறுதியானது: புதுப் படைப்பு. 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009-ல் ப்ளூரேயாக வந்தபோது இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் வண்ணத்தையெல்லாம் வெளிறடித்து, மேலே சாயம் கசிந்தது போல ஒரு தோற்றம் கொடுத்தார். அதை ஒளிப்பதிவு செய்த ஓவன் ராய்ஸ்மனே பகிரங்கமாக எதிர்ப்புச் சொன்னார். 2012-ல் வண்ணத்தைச் சரிசெய்து மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. 2009 பிரதியின் வண்ணம் சரியில்லை என்று மற்றவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? பழைய டிவிடி கையில் இருந்தது, ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் விஷயம் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. அவருடைய 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தைச் சென்னையில் எத்தனை பேர் அறைக்குள் கூடி உட்கார்ந்து பார்த்திருப்போம்! அந்த நடைக்கூடத்துச் சிவப்பு, நடிகை மேகி சியுங்கின் சீனத்து உடைகள், மாடிப்படியில் நூடுல்ஸ் தூக்கோடு போகும் அந்த மெதுநடை. 2020-ஐ ஒட்டி வந்த புதுப் பிரதியில் அதன் மேல் ஒரு பச்சைச் சாயல் படிந்திருக்கிறது. 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டகத்தையே அகலத் திரைக்கு மாற்றியிருக்கிறார். ஒரே ஆற்றில் யாரும் இரண்டு முறை இறங்க முடியாது என்ற பொருளில் அவரே ஒரு குறிப்பும் எழுதினார். ஆறு மாறலாம், மனிதரும் மாறலாம். ஆனால் 2000-ல் ஓடிய அந்த ஆற்றை இன்று பார்க்க விரும்புகிறவர் எங்கே போவார்? என்னைப் பொறுத்தவரை, 2012-ல் வந்த ப்ளூரேயிடம்தான் போக வேண்டும். கூர்மையில் புதியதுதான் ஒரு படி மேல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு பழையதில்தான் இருக்கிறது.

அவருடைய 'ஹேப்பி டுகெதர்' வேறு கதை. 2019-ல் நடந்த தீ விபத்தில் அசல் நெகட்டிவின் சில பகுதிகள் போய்விட்டன. நடிகர் டோனி லியுங் தனக்குள் பேசும் சில இடங்களைச் சுருக்க வேண்டியதாயிற்று. அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் பழைய டிவிடியைத்தான் தேட வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. மீட்டெடுக்க ஒரு ரீல்கூட மிஞ்சவில்லை. மதராஸில் ஜெமினி ஸ்டுடியோவில் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த 'கல்பனா' (1948), புனே திரைப்படக் காப்பகத்தில் நகல் இருந்த புண்ணியத்தால், அதே பொலோன்யா ஆய்வகத்தில் மீட்கப்பட்டு 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இதற்கு நடுவில்தான் நம் பெரும்பாலான கறுப்பு வெள்ளைப் படங்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இணையத்தில் 'டிஜிட்டல் ஹெச்டி' என்று போட்டு ஏற்றியிருக்கும் பழைய படம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். சதுரமான படத்தை இன்றைய டிவிக்குப் பொருந்த வேண்டுமென்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். பரதம் ஆடுகிற பெண்ணுக்குப் பாதம் இல்லை. அடவு ஜதி எல்லாம் காதில் விழுகிறது, கால் எங்கே? அந்தப் பாட்டின் விசிடி என்னிடம் இருக்கிறது. மங்கல்தான், கோடு விழுந்ததுதான். ஆனால் தலை முதல் சலங்கை வரை அந்தப் பெண் முழுதாக இருக்கிறாள்.

டிவிடி பெட்டியில் வேறு சில விஷயங்களும் உண்டு. அந்தக் காலத்தில் போட்ட துணைத்தலைப்பு, தணிக்கைச் சான்றிதழ், பிறகு உரிமைச் சிக்கலில் தூக்கப்பட்ட ஒரு பாட்டு, ஸ்டீரியோவாக மாற்றாத அசல் மோனோ ஒலி. நாளைக்கு யாரோ ஒருவர் உண்மையான அக்கறையோடு மீட்டெடுக்க உட்காரும்போது, 'இந்த இடத்தில் எத்தனை நொடி இருந்தது, இந்தப் பாட்டில் எந்தச் சரணம் இருந்தது' என்று சரிபார்க்க உங்கள் பரணில் கிடக்கும் அந்தக் கேசட்டே துணைக்கு வரலாம். அதனால்தான் கேட்கிறேன், தூக்கிப் போடும்முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஓடுகிறதென்றால் கணினியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். விஹெச்எஸ் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், டிஸ்க்கின் பூச்சும் உரியும். காலம் அதிகம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் படித்துவிட்டுப் பழையதே போதும் என்று யாரும் முடிவுகட்டிவிடாதீர்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு 'பதேர் பாஞ்சாலி' தொடங்கும்போது வயது 21, அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதில்லை. அடுத்த படமான 'அபராஜிதோ'வில் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் வேண்டும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன் மேல் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுத்தார். இந்தக் கதையைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். என் டிவிடியில் அந்த முற்றம் வெறும் மந்தமான சாம்பல். மீட்டெடுத்த பிரதியில்தான், காலை நேரத்து வீட்டுக்குள் வெளிச்சம் எப்படிப் பரவுமோ அப்படிப் பரவி நிற்பதைப் பார்த்தேன். சுவரின் காரை, சர்பஜயாவின் முந்தானை, படிக்கட்டின் அடிப்பகுதி, எதிலும் ஒரு கடும் நிழல் இல்லை.

வருகிற ஞாயிறு அந்த நண்பரை மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். முற்றத்துக் காட்சியை இரண்டு பிரதியிலும் போட்டுக் காட்டுவேன். பிறகு அந்தப் பாதம் வெட்டிய நடனத்தையும் என் விசிடியையும் அடுத்தடுத்துப் போடப்போகிறேன்.