அஞ்சு நிமிஷம்தான் மாமா

(அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையின் ஓரத்திலிருந்து மாமனார் போனில்.)

மாமனார்: மாப்பிள்ளை, கடை தெரியுது. போகத்தான் முடியல.

மருமகன்: எந்தக் கடை? எங்க நிக்கறீங்க மாமா?

மாமனார்: பிளேடு வாங்கலாம்னு கிளம்பினேன். நீங்கதானே அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க?

மருமகன்: ஐயோ, அது கார்ல!

மாமனார்: கார் நிமிஷம், கால் நிமிஷம்னு ரெண்டு இருக்கா?

மருமகன்: நடைபாதையிலயே திரும்பி வந்துடுங்க.

மாமனார்: அது ஒரு கம்பத்துக்கிட்ட வந்து முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் புல்லு. புல்லுலதான் நிக்கறேன். எதிர்ல ரோடு ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியல.

மருமகன்: அது ஃப்ரீவே மாமா! சர்வீஸ் ரோட்டையும் சேர்த்தா சில இடத்துல 26 லேன். அகலப்படுத்தி 2008ல முடிச்சாங்க. சுமார் 280 கோடி டாலர்!

மாமனார்: அப்ப நெரிசலே இருக்காதே?

மருமகன்: அது வந்து... 2011லேருந்து 2014க்குள்ள, சாயங்காலம் வீட்டுக்கு வர்ற நேரம் 55 சதவீதம் கூடிப்போச்சு.

மாமனார்: பந்தியைக் கூட்டினா கூட்டம் குறையுமா மாப்பிள்ளை? பக்கத்து ஊரும் சேர்ந்து வரும்.

மருமகன்: நகராதீங்க. நான் வரேன். அஞ்சே நிமிஷம்.

மாமனார்: எந்த நிமிஷம்?

மருமகன்: ...இப்ப சாயங்காலம். இருபதுன்னு வெச்சுக்குங்க.

மாமனார்: இப்பதான் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "கார் எங்க ரிப்பேர்?"னு கேட்டார். காரே இல்லைன்னேன். முகம் மாறிப்போச்சு. தண்ணி பாட்டில் ஒண்ணு கொடுத்துட்டுப் போறார்.

மருமகன்: நல்லவேளை.

மாமனார்: அது சரி, கடைக்கு முன்னாடி அவ்வளவு பெரிய பொட்டல் எதுக்கு? நாலு கார்தான் நிக்குது.

மருமகன்: பார்க்கிங். கடையோட அளவுக்கு இத்தனை காருக்கு இடம் விடணும்னு இந்த ஊர்ச் சட்டம்.

மாமனார்: பெரியவ இருக்கற டோக்கியோவுல, நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ்ல சான்றிதழ் வாங்கினாத்தான் காரையே பதிவு பண்ணுவாங்களாம். ராத்திரி ரோட்டுல விட்டுட்டுப் போகவும் முடியாது. இங்க கார் வாங்கறது நீங்க, இடம் விடறது கடைக்காரனா?

மருமகன்: அவன் அதையும் விலையில சேர்த்துடுவான்.

மாமனார்: அப்ப நடந்து போற நானும் உங்க கார் நிக்கறதுக்குக் காசு கட்டறேன்?

மருமகன்: நீங்கதான் இன்னும் கடைக்கே போய்ச் சேரலையே மாமா!