பிணங்கள் ஒன்றுதான், படங்கள் ஒன்றல்ல

சனிக்கிழமை ஒரு மேடையில் பெரியவர் ஒருவர் பேசியதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் எழுந்து நடமாடும் பிணங்களை (ஜாம்பிகளை) வைத்துத் திகில் படங்கள் எடுத்த அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவைப் "பிணங்களை வைத்து ஒரே படத்தை ஆறு முறை எடுத்தவர்" என்று அந்தப் பெரியவர் சொன்னதற்கு அரங்கமே கைதட்டியதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆறு படங்கள் என்பது உண்மைதான். 1968இல் வந்த முதல் படத்தில், இரவு முழுக்கப் பிணங்களிடம் தப்பிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் உயிரோடிருக்கும் வெள்ளையர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். 1978இல் அதே பிணங்கள் பழக்கதோஷத்தில் ஒரு வணிக வளாகத்தின் மின்படிக்கட்டுகளில் ஏறித் தடுமாறி விழுகின்றன. அமெரிக்காவின் மன்ரோவில் என்ற ஊரின் வணிக வளாகத்தில் கடைகள் அடைத்த பிறகு இரவிரவாக எடுத்த படம் அது. கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் இறங்கும்வரை படப்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்கள். இவை இரண்டும் ஒரே படமாம்! பிணங்கள் ஒன்றுதான் ஐயா, படங்கள் ஒன்றல்ல.

காசுக்காக அரைத்த மாவையே அரைத்தார் என்பீர்கள். முதல் படத்தின் தலைப்பை மாற்றியபோது விநியோக நிறுவனம் பதிப்புரிமைக் குறிப்பைத் தவறவிட்டதால் அது பொதுச்சொத்தாகி, கண்டவரெல்லாம் அதைப் போட்டுக் காசு பார்த்தார்கள். பணத்தாசை பிடித்தவருக்கு வாய்த்த யோகத்தைப் பாருங்கள். பிணமே நடமாடாத 'நைட்ரைடர்ஸ்' படத்தையும் 1981இல் அவர்தான் எழுதி இயக்கினார். முதியோர் படும் பாட்டைச் சொல்ல 1973இல் அவர் எடுத்த 'தி அம்யூஸ்மென்ட் பார்க்' 2021இல்தான் பரவலாக வெளியானது. மேடையில் பேசியவர் இவற்றைப் பார்த்திருப்பார் என்றே நம்புவோம்.

அந்த ஆறு பிணப் படங்களில் கடைசி இரண்டும் சுமார்தானே என்று கேட்கலாம். சுமார்தான். அதனால் என்ன?

கல்லூரி ஆண்டு மலருக்கு நான் ஒரு பேய்க்கதை கொடுத்திருந்தேன். வரதட்சணைக்காக எரிக்கப்பட்ட ஒரு மருமகள் சமையலறைக்குத் திரும்பி வருவதுதான் கதை. பேய் இல்லாமல் அதை எழுத எனக்கு அப்போது துணிவில்லை. பொறுப்பாசிரியர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமலே, "நன்றாக எழுதுகிற பையனுக்கு ஏன் இந்தக் குப்பை?" என்று திருப்பித் தந்தார். அதையே கண்ணீர்க் கதையாக எழுதியிருந்தால் சமூக அக்கறை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பயமுறுத்துகிறவனுக்கு மட்டும் அக்கறை இருக்கக் கூடாதா?

இவ்வளவு கோபம் எதற்கு, அது வெறும் நகைச்சுவைதானே என்று இரவே உள்பெட்டியில் அறிவுரைகள் வந்துவிட்டன. நகைச்சுவையாகவே இருக்கட்டும். அனுப்பியவர்களில் சிலர், என்னிடமிருந்து ரொமேரோவின் குறுந்தகடுகளை வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு "மனிதன் மேதை" என்றவர்கள். சனிக்கிழமை அவர்களும் அதே அரங்கில்தான் இருந்தார்கள்; ஒலிவாங்கியும் வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டுதான் இருந்தது.