அந்தமான் கப்பல் ஒரே இரவு இல்லைங்க
"பெங்களூரிலிருந்து சென்னை போய்க் கப்பல் ஏறினால் ஒரே இரவில் அந்தமான், என் போர்ட் பிளேர் நண்பன் கொடுக்கும் டிக்கெட் விலைதான் எல்லாருக்கும்" என்று ஒருவர் எழுதியிருப்பது இரண்டுமே தவறு. கடலில் சுமார் 1,200 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். தினமும் கப்பல் கிடையாது, மாதத்துக்குச் சில நடைகள்தான். தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு, நமக்கு அதிகம். ஒரு வார லீவு போட்டால் போக வர ஆறு நாள் தண்ணீரிலேயே கழியும், வாந்தி தனிக்கணக்கு.

சிக்கனம் வேண்டுமா? விமான டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். அப்புறம் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு (இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு) தனியார் படகை விட்டு அரசுப் படகில் போங்கள். இரண்டரை மணி நேரம் ஆகும், ஆனால் மலிவு.